வெளிப்பொருத்தும் எஞ்சினின் வெப்பநிலை மீட்டரைப் படித்தறிவது எப்படி?

படகின் பின்பலகையில் பூட்டிய எஞ்சினை முதன்முறையாக ஓட்டுபவர்களில் சிலர், மீட்டரின் முள் 140-இல் நிற்பதைக் கண்டதும் எஞ்சின் கொதித்துவிட்டதென்று எண்ணி அதை அணைத்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட மீட்டர்கள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட் அளவில் காட்டுகின்றன. அந்த 140 என்பது 60 டிகிரி செல்சியஸ்தான், இவ்வகை எஞ்சினுக்கு அது இயல்பான சூடு. ஆகவே முதல் வேலை, மீட்டரின் முகப்பில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. ஃபாரன்ஹீட் என்றால் 32-ஐக் கழித்து, மீதியை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும்.

கார் எஞ்சின் ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது என்ற கேள்வி எழும். காரில் மூடிய சுற்றில் குளிர்விப்புத் திரவமே திரும்பத் திரும்பச் சுழல்கிறது. வெளிப்பொருத்தும் எஞ்சினோ தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரையே உறிஞ்சி, சூடேற்றி, வெளியேற்றிவிடுகிறது. கடல்நீர் அதிகம் சூடானால் உப்பும் சுண்ணாம்பும் உள்வழிகளின் சுவரில் படிந்து வழியை அடைத்துவிடும் என்பதால், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு) 50 அல்லது 60 டிகிரியை ஒட்டித் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் எஞ்சினுக்குரிய சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீரின் பாதையை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். கியர் பெட்டியின் பக்கவாட்டுச் சல்லடை வழியே நுழையும் நீரை இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரம் மேலே தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு பின்புறத் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். நம் கரையோர ஃபைபர் படகுகளில் உள்ள சிறிய எஞ்சின்கள் பலவற்றில் மீட்டரே இருப்பதில்லை. அங்கே அந்தப் பீய்ச்சல்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம். ஆயினும் பம்ப் வேலை செய்கிறது என்பதையே அது சொல்கிறது. சிலிண்டரைச் சுற்றிய எல்லா வழிகளிலும் நீர் ஓடுகிறது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இப்போது மிக முக்கியமான படி: எஞ்சின் நலமாக இருக்கும் நாளிலேயே அதன் வழக்கமான அளவுகளைக் குறித்துக்கொள்வது. எஞ்சினை நீரில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றியபின், குறைந்த வேகத்திலும் நடுத்தர வேகத்திலும் முழு வேகத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பலருக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது: வேகம் கூடும்போது சூடு குறையலாம். பல எஞ்சின்களில் நீரழுத்தம் உயர்ந்ததும் தனியான ஒரு வால்வு திறந்து, தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக்கொண்டு நிறைய நீரை ஓடவிடுகிறது; அப்போது வெளியே உள்ள நீரின் சூடும் அளவைப் பாதிக்கும். 10 டிகிரி ஏரியில் எடுத்த முழுவேக அளவை 28, 30 டிகிரியில் இருக்கும் நம் கடலோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பதும் இதனால்தான். பிறர் சொல்லும் எண்ணைவிட உங்கள் நோட்டில் உள்ள எண்ணையே நான் நம்புவேன்.

அந்த வழக்கத்திலிருந்து முள் விலகினால், எந்த வேகத்தில் விலகுகிறது என்பதே காரணத்தைச் சுட்டும். குறைந்த வேகத்தில் சூடேறி, வேகம் கூட்டியதும் இறங்கினால், இம்பெல்லர் இதழ்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குறைந்த வேகத்தில் சரியாக இருந்து முழு வேகத்தில் மட்டும் ஏறினால், தேவையான அளவு நீர் வரவில்லை என்று பொருள்; சல்லடையை மூடிய பிளாஸ்டிக் பையையும், உப்பு அடைத்த வழிகளையும், திறக்காத அழுத்த வால்வையும் பாருங்கள். முள் எப்போதும் 40 டிகிரிக்குக் கீழேயே நின்றால் மகிழ வேண்டாம்: தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். அவ்வாறு குளிர்ந்தே ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். எஞ்சினை அணைத்தபின் சில நிமிடங்கள் முள் சற்று ஏறுவது மட்டும் இயல்பு, ஏனெனில் நீரோட்டம் நின்றதும் உலோகத்தின் சூடு வெளியேற வழியில்லை.

மீட்டரையும் சந்தேகிக்கத் தெரிய வேண்டும். முள்ளால் காட்டும் மீட்டர்களில், எஞ்சினில் உள்ள சென்டர் (sender) என்னும் வெப்ப உணரியின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைவதைக் கொண்டே பொதுவாக அளவு காட்டப்படுகிறது. எனவே கம்பி அறுந்தால் முள் குளிர்ப்பக்கம் படுத்துவிடும். கம்பி தோலுரிந்து எஞ்சின் உடலைத் தொட்டால் உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பிய மறுகணமே முள் உச்சத்துக்குப் பாய்ந்தால் முதலில் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். இன்னோர் ஆபத்தும் உண்டு: நீர் முற்றிலும் வற்றி, சென்டரைச் சுற்றி ஆவி மட்டுமே இருந்தால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் மீட்டர் குறைவாகக் காட்டக்கூடும்.

ஐயம் தீர, அகச்சிவப்பு வெப்பமானியைச் சென்டருக்கு அருகே, பெயின்ட் பூசிய பரப்பில் பிடித்து அளக்கலாம். பளபளக்கும் வெற்று அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்து நீரில் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து மெல்லச் சூடாக்கினால் அது திறக்கும் வெப்பம் நேராகவே தெரிந்துவிடும்.

கடலில் எச்சரிக்கை ஒலி எழுந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள், பீய்ச்சலைப் பாருங்கள். நீர் வராவிட்டால் எஞ்சினை அணைத்து, மேலே சாய்த்து, சல்லடையில் சிக்கிய பை, பாசி, வலைத்துண்டு ஆகியவற்றை அகற்றுங்கள். பீய்ச்சும் துளையில் உப்போ மணலோ அடைத்திருந்தால் தடித்த தூண்டில் நரம்பால் குத்தி எடுங்கள். சூடு தணிந்தபின் மீண்டும் இயக்கி, குறைந்த வேகத்தில் வைத்துக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நீர் பீய்ச்சவில்லையென்றால் அணைத்துவிட்டு, துடுப்பையோ அருகில் உள்ள படகின் கயிற்றையோ நாடுங்கள்.