அன்பியக் கூட்டத்தின் ஆறாம் படி

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவே அன்பியம். அதன் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் பெரும்பாலும் பாட்டுப் புத்தகத்தையும் மெழுகுவர்த்தியையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அவை எளிதில் கிடைத்துவிடும். இருபது குடும்பங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி விவிலியம் வாசித்துக் கலையும்போது, அந்தத் தெருவில் யாரோ ஒருவருடைய பாரம் கொஞ்சமேனும் குறைய வழி பிறந்திருக்க வேண்டும். கடினமான வேலை அதுதான்.

முதல் கூட்டத்துக்கு முன் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிடுங்கள். முதன்மையான கட்டளை எது என்று மறைநூல் அறிஞர் கேட்டபோது, இயேசு இணைச்சட்ட நூலிலிருந்து இறையன்பையும் லேவியரிலிருந்து பிறரன்பையும் எடுத்துச் சேர்த்தே பதில் சொன்னார் (மாற்கு 12:28-34). அந்த லேவியர் அதிகாரமோ, வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவை, கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராதே, எடைக்கல்லில் ஏமாற்றாதே என்று கூலியையும் அளவையையும் பற்றிப் பேசுகிறது. அன்பு என்ற சொல்லை வெறும் உருக்கமாகப் புரிந்துகொள்ளாதிருக்க இந்த வாசிப்பு உதவும்.

விவிலியத்தைக் குழுவாக வாசித்துப் பகிர நம் பங்குகளில் பலவும் பின்பற்றும் ஏழு படி முறை, தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் உருவானது. பங்கு என்பது சிறு குழுமங்களின் குழுமமாக வேண்டும் என்று ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடியபோது வலியுறுத்திய பிறகு, இம்முறை ஆசியாவில் மேலும் வேரூன்றியது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்லுதல் ஆகிய முதல் மூன்றும் தாமாகவே நடந்துவிடும். நான்காவதான மௌனத்தில் இரண்டாம் நிமிடத்திலேயே யாராவது பாட்டெடுப்பார், கையமர்த்திவிடுங்கள். ஐந்தாவதான பகிர்வில் "நான்" என்று தொடங்கிப் பேசச் சொல்லுங்கள்; "நாமெல்லாம்" என்று தொடங்குவது அநேகமாகப் பிரசங்கமாகிவிடும்.

ஆறாவது படி, கேட்ட வார்த்தைக்கு ஏற்ப என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுப்பது. நேரமாகிவிட்டது என்று சொல்லி இதைத் தாண்டி, ஏழாவதான மன்றாட்டுக்குப் போய்விடுவதே வழக்கமாகிவிட்டது. என் கணிப்பில், அன்பியங்கள் வாடிப்போக இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. ஒரு நோட்டில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: யாருக்கு, யார் போகிறார், என்றைக்கு. "நோயாளிகளைச் சந்திப்போம்" என்பது முடிவாகாது. "மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு ஓய்வூதிய உயிர்ச்சான்று எடுக்க, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்வீட்டுத் தம்பி அழைத்துப் போகிறார்" என்பதே முடிவு. நோட்டில் பங்குக் குடும்பங்கள் மட்டுமே இடம்பெற்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டவருக்கு இயேசு, யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய ஒரு சமாரியரைத்தான் காட்டினார்.

கூட்டம் எந்த வீட்டில் என்பதும் சிறிய விஷயமல்ல. மாடி வீடுகளையே சுற்றிச் சுற்றி வரும் கூட்டத்தை யாக்கோபின் திருமுகம் அன்றே கண்டித்துவிட்டது: பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குக் கால்மணைப் பக்கம் தரை (2:1-4). நம் ஊரில் இதற்குள் சாதியும் ஒளிந்திருக்கும். இன்ன வீட்டில் வைத்தால் இன்னார் வரமாட்டார் என்று காதில் ஓதுவார்கள். வீட்டு வரிசையைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுதி, யாருக்காகவும் மாற்றாதீர்கள். கடுங்காப்பிக்கு மேல் எதுவும் பரிமாறக் கூடாது என்றும் முதல் நாளே முடிவெடுங்கள். ஒரு வீட்டில் கேசரி வந்தால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது பஜ்ஜி போடுவார், அதற்கடுத்தவர் தம் முறையை ஒத்திவைக்கச் சொல்வார்.

பேச்சுவார்த்தை இல்லாத இரு குடும்பங்களைக் கூட்டத்தில் வைத்துச் சமரசம் செய்ய முயலாதீர்கள். முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது மத்தேயு 18:15. மன்றாட்டில் சாடை பேசுவதையும் தடுக்க வேண்டும். "குடிக்கு அடிமையான ஒரு சகோதரருக்காக" என்று ஒருவர் செபித்தால், எல்லாக் கண்களும் எங்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

உதவிப் பணம் சேர்ந்தால் வரவு செலவை மாதந்தோறும் வாசித்துக் காட்டுங்கள். பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கமொழி பேசுவோர் முறையிட்டபோது, திருத்தூதர்கள் அதை அடக்கிவிடவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6). முறையிடுபவரைக் கலகக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தைத் தொடக்கப் பாட்டுக்கு முன்பே அந்த நோட்டோடு தொடங்குங்கள். நடக்காத பணியை, காரணத்தைக் கேட்டுக்கொண்டு, மறுபடி எழுதுங்கள். மூன்றாம் வாரமும் அதே வரி எழுதப்பட்டால், கூட்டம் முடிந்த கையோடு பொறுப்பாளரே செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.