அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கும்மி: விழாமல் இருக்க ஒரு வீட்டுப் பயிற்சி

"தினமும்தான் நடக்கிறேனே" என்பார் அம்மா. நடப்பது நல்லதுதான், ஆனால் அது நேராகப் போகிற வேலை. வயதானவர்கள் பலர் தடுமாறுவது திரும்பும்போதும், ஒதுங்கும்போதும், எதையாவது எட்டி எடுக்கும்போதும். பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்புக்கே ஆபத்து. 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. கும்மியில் பக்க அடி, திருப்பம், தாளம் எல்லாம் இருக்கின்றன, வாத்தியமும் வேண்டாம். கொங்குப் பக்கத்து வள்ளி கும்மியின் வேகத்தைப் பார்த்து மிரளாதீர்கள், நமக்கு அதில் பாதிகூட அதிகம்.

முதலில் இடம். மிதியடி, பாய் எல்லாவற்றையும் சுருட்டி ஓரமாக வையுங்கள். பிடிமானத்துக்குக் கனமான மரநாற்காலி, அதுவும் சுவரோடு ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். சாய்ந்தால் அதுவும் கூடவே வரும். சாக்ஸும் கூடாது.

அடுத்து கால் மட்டும். கை நாற்காலியில் இருக்கட்டும். வலது காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலுக்கு வந்த பிறகே இடது காலைத் தூக்கிச் சேர்க்க வேண்டும். எழுதினால் ஒரு வரி, ஆனால் அம்மா இங்கேதான் நாள்கணக்கில் நின்றார். பாரம் மாறுவதற்குள் இடது காலை இழுத்துவிடுவார். பாதம் தரையில் தேயும். அந்தச் சத்தம்தான் அடையாளம். கேட்டால் வேகத்தைக் குறையுங்கள். 'வை, நில், சேர்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடியதும் சரியானது. செல்போனில் ஓடும் பாட்டு நமக்காக நிற்காது. ஆரம்பத்தில் வாயால் பாடுவதே நல்லது என்பது என் கட்சி.

கால் பழகியதும் கைதட்டல். வழக்கமாகக் குனிந்து கொட்டி நிமிர்வார்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அப்படித் தலை தாழ்த்திச் சட்டென்று நிமிர்ந்தால் கிறுகிறுக்கலாம். இடுப்பளவில் ஒரு தட்டு, நெஞ்சளவில் ஒரு தட்டு போதும்.

அப்புறம் திருப்பம். ஒற்றைக் காலில் சுழலக் கூடாது. சின்னச் சின்ன அடியாக நாலைந்து வைத்துத் திரும்புங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும்.

பின்சேர்க்கை: சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு ஆடலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது. பின்வார் உள்ள, வழுக்காத செருப்பு போடுங்கள். முடிந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் விழுந்தவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும். இன்னொருவர் கொசுவம் காலில் மாட்டுகிறது என்றார். கணுக்கால் தெரியும்படி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நைட்டிக்கும் அதே கணக்குதான்.