எஸ்ஏடியை இன்னொரு முறை எழுதுவதா? காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

எஸ்ஏடி (அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை, மொத்தம் 1600 புள்ளி) பெறுபேறு வந்த இரவே அடுத்த திகதிக்குப் பதிவு செய்வதுதான் கொழும்பில் அடிக்கடி நடக்கும் பிழை. கையில் 1430 இருக்கும். கூடப் படிக்கும் பிள்ளைக்கு 1510 என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கும். பத்து நிமிடத்தில் அப்பாவின் கார்ட் வெளியே வந்துவிடும். ஒரு கிழமை பொறுங்கள். இரண்டாம் முறை எழுதுவது பல நேரங்களில் சரியான முடிவுதான். ஆனால் முதல் முறை புள்ளி எங்கே போனது என்று சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த முறையும் அங்கேயேதான் போகும்.

முதலில் பல்கலைக்கழகப் பட்டியல்

விண்ணப்பிக்கப்போகும் இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எஸ்ஏடியை என்ன செய்கிறது என்று குறியுங்கள். எஸ்ஏடி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம் என்ற கொரோனா காலத்துத் தளர்வு பல இடங்களில் முடிந்துவிட்டது. எம்ஐடி 2022இலேயே பரீட்சையைத் திரும்பக் கட்டாயமாக்கியது. ஹார்வர்ட், பிரவுண், கால்டெக் ஆகியவை 2024இல் அந்த வழிக்குத் திரும்பின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதி, அதாவது பேர்க்லியும் யுசிஎல்ஏயும் அடங்கிய தொகுதி, எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. பட்டியலில் பாதி அவைதான் என்றால் மறுபடி எழுதுவது வீண். கொலம்பியாவில் அனுப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நம் பிள்ளைகள் பலர் கவனிக்காத ஒன்று: டார்ட்மத் 2024இல் பரீட்சையைத் திரும்பக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டுப் பாடசாலை மாணவருக்கு ஏ லெவல் போன்ற பெறுபேறுகளையும் மாற்றாக ஏற்பதாக அறிவித்தது. லண்டன் ஏ லெவலில் நல்ல பெறுபேறு கையில் இருந்தால் அங்கே எஸ்ஏடிக்காக மல்லுக்கட்டத் தேவையில்லை. பிரித்தானியா, அவுஸ்திரேலியா மட்டும் என்றால் இந்தக் கட்டுரையையே மூடிவிட்டு உயர்தரப் பாடங்களைப் படிக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பெயரோடும் ‘கொமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். அதில் சி9 என்ற பகுதியில், அனுமதி பெற்றுச் சேர்ந்த மாணவரின் 25ஆம், 75ஆம் சதவீதப் புள்ளிகள் இருக்கும்: புள்ளி அனுப்பியவர்களில் கால்வாசிப் பேர் முதலாவதற்குக் கீழே, கால்வாசிப் பேர் இரண்டாவதற்கு மேலே. பக்கத்திலேயே எத்தனை வீதமானோர் புள்ளி அனுப்பினார்கள் என்றும் இருக்கும். அதைப் பார்க்காமல் முதல் எண்களை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அனுப்புவது விருப்பம் என்ற இடத்தில் உயர்ந்த புள்ளி எடுத்தவர்களே அனுப்புவார்கள். அதனால் அந்த எண்கள் ஊதித் தெரியும்.

உங்கள் புள்ளி 75ஆம் சதவீதத்துக்கு மேலே என்றால் நிறுத்துங்கள். 1540ஐ 1570 ஆக்க இன்னொரு சனிக்கிழமையைக் கொடுப்பது வீம்பு. 25க்குக் கீழே என்றால், மறுபடி எழுத வேண்டும், அல்லது கட்டாயமில்லாத இடத்தில் அனுப்பாமல் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்குத்தான் உண்மையான தலையிடி. அவர்கள் நிதியுதவியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், அம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்களே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதை அனுமதி முடிவில் கணக்கெடுப்பதில்லை. மற்ற அநேக இடங்களில் பெரிய தொகை கேட்பவருக்குப் போட்டி கடுமை. அப்படிக் கேட்கும் பிள்ளை 75ஐ ஒட்டி வருவதைக் குறியாக வைப்பதே நல்லது.

30 புள்ளிக்காக அழ வேண்டாம்

அதே பிள்ளை, அதே அறிவோடு, இரண்டு சனிக்கிழமை எழுதினாலும் மொத்தப் புள்ளி 30, 40 மேலே கீழே ஆடும். பெறுபேற்று அறிக்கையிலேயே உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு போட்டிருப்பது இதற்காகத்தான். ஆகவே 1460ஐ 1480 ஆக்குவது ஒரு இலக்கே அல்ல. அது காற்றிலும் வரும். இப்போதைய புள்ளியைவிட 50, 60 கூட எடுக்க வழி தெரிந்தால் மட்டும் பதிவைப் பற்றிப் பேசலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எம்ஐடி, யேல், பிரவுண் போன்ற இடங்கள் வெவ்வேறு நாட்களில் எடுத்த பகுதிப் புள்ளிகளில் உயர்ந்ததைச் சேர்த்துப் பார்க்கும். சூப்பர்ஸ்கோர் என்பது இதுதான். முதல் முறை ஆங்கிலம் 710, கணிதம் 760. இரண்டாம் முறை ஆங்கிலம் 740, கணிதம் 730. இரண்டு நாளும் மொத்தம் 1470தான். சேர்த்தால் 1500. ஆகவே ஒரு பகுதி நன்றாக வந்து மற்றது சறுக்கியிருந்தால், மறுமுறை முழு உழைப்பையும் அந்த ஒன்றில் போடலாம். ஜோர்ஜ்டவுன் வேறு மாதிரி: எழுதிய எல்லாப் புள்ளிகளையும் கேட்கும். அது பட்டியலில் இருந்தால் ‘சும்மா ஒருக்கா எழுதிப் பார்ப்போம்’ என்று போகாதீர்கள்.

புள்ளி எங்கே போனது

அறிக்கை எந்த வினா பிழை என்று காட்டாது. எட்டுப் பிரிவுகளுக்குப் பட்டைகள் மட்டும் காட்டும். பட்டையின் நீளத்தை அந்தப் பிரிவின் பங்கோடு சேர்த்துப் பாருங்கள். கணிதத்தில் அல்ஜிப்ரா 35 வீதம், உயர்நிலைக் கணிதம் 35 வீதம், தரவும் விகிதமும் 15, கேத்திரகணிதமும் திரிகோணமும் 15. கேத்திரகணித, திரிகோணப் பட்டை குட்டையாக இருப்பதைப் பார்த்து ஒரு மாதம் அதையே படித்தால் கிடைப்பது சில வினாக்கள்தான்.

பிறகு, எஸ்ஏடி எழுதும் புளூபுக் செயலியில் ஒரு பயிற்சிப் பரீட்சை எழுதி, பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு காரணம் குறியுங்கள்: தெரியாது, வாசித்ததில் பிழை, நேரம் போதவில்லை. ‘கவனயீனம்’ என்று எழுதாதீர்கள். அது காரணமல்ல, சமாதானம்.

இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை கணிதத்தில் புள்ளி விடுவது பெரும்பாலும் இப்படித்தான்: 5x + 4 = 24 என்றால் 10x + 8 எவ்வளவு என்று கேட்டிருக்கும். கை பழக்கத்தில் x = 4 என்று கண்டுபிடிக்கும். விடைகளில் 4உம் இருக்கும். அதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். விடை 48, இடப்பக்கத்தை இரண்டால் பெருக்கினால் முடிந்தது. இதற்கு மருந்து கூடுதல் கணிதமல்ல. விடையை அழுத்துமுன் வினாவின் கடைசி வரியை இன்னொருமுறை வாசிப்பது.

இன்னொன்று நேரம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு கட்டம். கணிதத்தில் ஒரு கட்டத்துக்கு 35 நிமிடம், 22 வினா, ஒன்றுக்குச் சுமார் 95 விநாடி. y = c என்ற கோடு y = x² − 6x + 14 என்ற வளைவை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டால் c என்ன? பிரித்துக்காட்டி எழுதி, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, தாளில் அழகாகச் செய்யலாம். செயலிக்குள்ளேயே இருக்கும் டெஸ்மோஸ் என்ற வரைபுக் கணிப்பானில் வளைவைப் போட்டால் அடிப்புள்ளி (3, 5) கண்ணுக்கு முன் நிற்கும். c = 5. டெஸ்மோஸைத் தொடாமல் முதல் முறை எழுதியவர்களுக்கு மறுமுறை பயன் தரும் வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலப் பகுதியில் நேரம் இன்னும் இறுக்கம்: ஒரு கட்டத்துக்கு 32 நிமிடம், 27 வினா. இங்கே பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். இலக்கண, நிறுத்தக்குறி வினாக்கள் ஏறக்குறைய கால்வாசி. இவை விதிகள், நான்கைந்து கிழமையில் பிடிக்கலாம். தமிழில் முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போவோம், யாரும் பிழை என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அது நேரடியாகப் பிழை. அவர்கள் விரும்பிக் கேட்கும் ஒன்று: இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் ‘ஹவ்எவர்’ நிற்கும். அந்தச் சொல் பின் வாக்கியத்துக்குச் சொந்தமென்றால் முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. முன் வாக்கியத்தின் வாலென்றால் தலைகீழ். எதற்குச் சொந்தம் என்பதை அந்த இரண்டுக்கும் முந்திய வாக்கியம்தான் சொல்லும். அதனால் பந்தியை முழுதாக வாசிக்காமல் இதைச் செய்ய முடியாது.

மற்றது, சொல்வளமும் பந்தியிலிருந்து ஊகிப்பதும். இது மாதக்கணக்கில் வாசித்து வருவது. இரண்டு மாதத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லும் ரியூசன் விளம்பரத்தை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

அந்த இரண்டு கட்டங்களையும் கணக்கில் எடுங்கள். முதல் கட்டத்தில் செய்ததைப் பொறுத்தே இரண்டாம் கட்டம் கடினமாகவோ இலகுவாகவோ வரும். இலகுவான கட்டம் வந்துவிட்டால் உச்சப் புள்ளிக்கு ஏற முடியாது. ‘இரண்டாவது பாதி லேசாக இருந்தது, ஆனால் புள்ளி இல்லை’ என்று வீட்டில் சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. முதல் கட்டத்தில் அவசரப்பட்டிருக்கும்.

பதிவுக்கு முன் ஒரு சோதனை

புளூபுக்கில் இதுவரை தொடாத இரண்டு பரீட்சைகளை எடுத்து, இரண்டு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்து, நடுவில் 10 நிமிட இடைவேளை மட்டும் எடுத்து எழுதுங்கள். மொத்தம் 2 மணி 14 நிமிடம். இரண்டுமே உண்மையான புள்ளியைவிட 50 அல்லது அதற்கு மேல் கூட வந்தால் பதிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் கூட வந்தால் இன்னும் தயார் இல்லை. ஏற்கனவே எழுதிய பரீட்சையைத் திரும்ப எழுதி வரும் 1550, ஞாபகத்தின் புள்ளி. அச்சிட்ட பிடிஎஃப் தாள்களும் இதற்கு உதவாது. அவை உங்கள் விடைக்கேற்ப மாறுவதில்லை.

திகதிகளும் உயர்தரமும்

இந்தக் கணக்கில் கொழும்புப் பிள்ளைகள் அடிபடுவது இங்கேதான். 2025இல் நவம்பர் எஸ்ஏடி 8ஆம் திகதி. உள்ளூர் உயர்தரப் பரீட்சை தொடங்கியது 10ஆம் திகதி. இரண்டையும் எழுத நினைப்பவர் இரண்டையும் கெடுப்பார். உள்ளூர் உயர்தரம் எழுதும் ஆண்டில் மறுமுறையை மார்ச், மே, ஜூனுக்குள் முடிப்பது நல்லது, மிஞ்சினால் ஆகஸ்ட் பரீட்சை. லண்டன் ஏ லெவல் மே, ஜூனில் எழுதுபவருக்கு ஆகஸ்டும் ஒக்டோபரும் வசதி. நவம்பர் 1 முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு ஒக்டோபர்ப் பரீட்சையே நிம்மதியான கடைசி. புள்ளி வரச் சுமார் இரண்டு கிழமை ஆகும்.

எத்தனை முறையும் எழுதலாம், தடையில்லை. ஆனால் மூன்றாவதுக்கு மேல் போவதை எங்களால் சிபாரிசு செய்ய முடியாது. அந்த நேரத்தில் கட்டுரை எழுதினால் விண்ணப்பம் பலப்படும்.

செலவு: 2024–25இல் பதிவு 68 டொலர், வெளிநாட்டுக் கட்டணம் 43, ஆக 111. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 33,300. கொழும்பில் நிலையங்கள் குறைவு; கடைசி நாள் வருமுன்பே ஆசனம் நிரம்பும். முடிவெடுத்தால் பிந்தாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்து நேரே மண்டபத்துக்குப் போவதைத் தவிர்த்து, முதல் நாளே வெள்ளவத்தையில் யாராவது உறவினர் வீட்டில் தங்குங்கள். பட்டியலையும் உதவித்தொகையையும் பற்றிப் பேச, கொழும்பில் உள்ள அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசகர்களிடம் போகலாம்.

மறுமுறை பதியும்போது புதுக் கணக்குத் திறக்காதீர்கள். பழைய கணக்கிலேயே பதியுங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, முதலெழுத்தாக ஒருமுறை என்று வரும். முதல் கணக்கில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் வேறு மாதிரியும் இருந்தால் இரண்டு புள்ளிகளும் இரண்டு ஆட்களுடையவை போலக் கிடக்கும், சூப்பர்ஸ்கோருக்கு ஒன்றாக வராது. பரீட்சை வாசலிலும் கடவுச்சீட்டோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் பிரச்சினை. பெயர் ஏற்கனவே பிழையாகப் பதிந்திருந்தால், அடுத்த திகதிக்குக் காசு கட்டுமுன், எஸ்ஏடியை நடத்தும் கொலேஜ் போர்டுக்கு எழுதி அதைத் திருத்துங்கள்.