குமரியில் எந்த மதத்தார் எத்தனை பேர்? கணக்குச் சொல்வதில் நேரும் தவறுகள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்கு பஸ்ஸில் போகிறவர், இருபக்கமும் தெரியும் சர்ச் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, "இது முழுக்க கிறிஸ்தவ மாவட்டம்" என்று முடிவு கட்டிவிடுகிறார். அதே மாவட்டத்தில் இந்துக்கள் அதிகமுள்ள தோவாளைக்காரருக்கு அந்தப் பேச்சே விசித்திரமாகப் படும். 2011 சென்சஸில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. பாதியைத் தாண்டியவர் யாருமில்லை. கட்டடத்தை எண்ணி ஆளைக் கணக்கிடக் கூடாது. ஒரே ஊரில் சி.எஸ்.ஐ., ஆர்.சி., சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று சபைக்கொரு கட்டடம் இருக்கும்.

ஓர் இடத்தின் எண்ணை இன்னோர் இடத்துக்குப் பொருத்துவதும் தவறு. அதே 2011-ல் தமிழ்நாடு முழுவதும் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்தான்; எல்லை தாண்டிய கேரளத்தில் 18.38. இடத்தையும் ஆண்டையும் சொல்லாத சதவீதத்தை நம்பாதீர்கள்.

ஆபத்தான குழப்பம் வளர்ச்சி விகிதத்தில் வருகிறது. 10 வீடு 15 ஆனால் 50 சதவீத வளர்ச்சி. 100 வீடு 120 ஆனால் 20 சதவீதம். ஆனால் கூடியது முதலாவதில் 5 வீடு, இரண்டாவதில் 20. சதவீதத்தை மட்டும் பார்த்தால் சிறிய கூட்டம் பெரிய கூட்டத்தை விழுங்கப் போவதுபோலத் தோன்றும். ஒப்பிடும் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 2004-ல் 2001 சென்சஸின் மதவாரி எண்கள் வெளியானபோது, முஸ்லிம் மக்கள்தொகை பத்தாண்டில் 36 சதவீதம் கூடியதாக நாடே பேசியது. 1991-ல் ஜம்மு-காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அங்குள்ளவர்கள் 2001 கணக்கில் மட்டும் சேர்ந்திருந்தார்கள். அதைச் சரிசெய்தபோது வளர்ச்சி சுமார் 29 சதவீதம், அதற்கு முந்தைய பத்தாண்டைவிடக் குறைவு. திருத்தம் வருவதற்குள் பயம் ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. இன்றும் அந்த 36 வாட்ஸ்அப்பில் சுற்றினால் வியப்பில்லை.

பிள்ளைப்பேறு பற்றிய பேச்சும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. தேசிய குடும்பநல ஆய்வுப்படி, 1992-93-ல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தை, 2019-21-ல் 2.36. இந்துப் பெண்களுக்கு 3.3-லிருந்து 1.94. இரண்டுமே இறங்குகின்றன, இடைவெளியும் சுருங்குகிறது.

நம் ஊருக்கென்றே ஒன்று உண்டு. சென்சஸ் அட்டவணையில், அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்குத் தனிப் பத்தி கிடையாது. அதன் தலைமைப்பதியான சாமித்தோப்புக்குப் போகிற மக்கள் பெரும்பாலும் இந்து எண்ணுக்குள்ளேயே அடங்குகிறார்கள்.

2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்கவில்லை. ஆகவே "2021 சென்சஸ்படி" என்று வரும் மதவாரி எண் எதுவும் சென்சஸ் எண் அல்ல. சந்தேகம் வந்தால் சென்சஸ் இணையதளத்தில் 2011-க்கான சி-1 அட்டவணையைத் திறந்து, மாவட்டத்தோடு நிற்காமல் தாலுகா வரிகளையும் பாருங்கள்.