பூமியின் காலநிலைக்குக் கடிவாளம் எது? கணக்குப் போட்டுப் பாருங்கள்

காலநிலை தன் இஷ்டத்துக்கு மாறிவிட முடியாது. பூமிக்கு வரும் ஆற்றலும் வெளியே போகும் ஆற்றலும் ஈடாக வேண்டும் என்பதே அதன் முதல் கடிவாளம். மொபைல் கால்குலேட்டர் இருந்தால் போதும். எட்டு இலக்கக் கடைக் கால்குலேட்டரில் கீழே வரும் எண் அடங்காது.

வரவு: சூரியனுக்கு நேராக, சதுர மீட்டருக்கு 1361 வாட். அதை 4-ஆல் வகுங்கள். வெயிலை மறிப்பது ஒரு வட்டப் பரப்பு, வெப்பத்தை வெளிவிடுவதோ அந்த வட்டத்தைப் போல 4 மடங்கு பரப்புள்ள முழு உருண்டை. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கிடைக்கும் 340-இல் சுமார் 30 சதவீதத்தை மேகமும் பனியும் தரையும் காற்றும் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் 238.

செலவு: வெளியேறும் கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 238-ஐ இந்த விதியின் மாறா எண்ணான 0.0000000567-ஆல் (ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் மாறிலி) வகுத்து, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். முதலில் சுமார் 64,800, அடுத்து 255 வரும். இது கெல்வின் அளவு. 273-ஐக் கழித்தால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். தரையின் உண்மைச் சராசரி சுமார் 15. இடையிலுள்ள 33 டிகிரி, காற்றிலுள்ள சில வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுமைக்குடில் விளைவு.

நான்காம் அடுக்கு என்பதால், இனி 4 × 238 ÷ 255 போடுங்கள். ஒரு டிகிரி சூடேறினால் 3.7 வாட் கூடுதலாக வெளியேறும். பூமி கட்டுமீறிச் சூடாகாமல் பிடித்து வைப்பது இதுதான். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெளியேறாமல் தங்கும் வெப்பமும் ஏறத்தாழ 3.7 வாட். அப்படியானால் 1 டிகிரிதானே என்று நிறுத்திவிடாதீர்கள். நீராவி கூடும், பனி உருகும், மேகம் மாறும். இவற்றையும் சேர்த்து 2021-இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தந்த மதிப்பீடு 2.5 முதல் 4 டிகிரி.

மழைக் கணக்கு இன்னும் அழகு. ஒரு டிகிரிக்குக் காற்றில் தங்கக்கூடிய ஈரம் 7 சதவீதம் கூடும். மழையும் அவ்வளவு கூடுமா? உலகச் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 1000 கிலோ நீர். ஒரு கிலோ ஆவியாக 25 லட்சம் ஜூல் வேண்டும். மொத்தத்தை ஆண்டின் 3.15 கோடி வினாடிகளால் வகுத்தால் சுமார் 80 வாட். நீராவி குளிர்ந்து மழையாகும்போது இந்த வெப்பம் முழுவதும் காற்றில் சேர்கிறது. காற்று அதைக் கதிர்வீச்சாக வெளியேற்றும் வேகம்தான் மழைக்கு உச்சவரம்பு. ஆகவே உலகச் சராசரி மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதமே கூடும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் பெருமழையை இந்த வரம்பு தடுக்காது. அது 7 சதவீதத்தை ஒட்டியே ஏறும்.