லினக்ஸில் சான் ஸ்டோரேஜ்: டிரைவர் இருக்கு என்பதோடு நிறுத்திவிடும் தவறுகள்

சர்வரில் ஃபைபர் சேனல் கார்டு (பல சர்வர்கள் பகிரும் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கான சானோடு இணைக்கும் கார்டு) போட்டாச்சு, லினக்ஸ் நிறுவியாச்சு, ஸ்டோரேஜ் பக்கம் லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் பகுதி) ஒதுக்கியாச்சு, ஆனால் டிஸ்க் எதுவும் தெரியவில்லை. உதவி கேட்டால் முதலில் வரும் பதில், "டிரைவர்தான் கெர்னலிலேயே இருக்கே!" என்பது. இருக்கிறதுதான். க்யூலாஜிக் கார்டுகளுக்கு க்யூஎல்ஏ2எக்ஸ்எக்ஸ்எக்ஸ், எமுலெக்ஸ் கார்டுகளுக்கு எல்பிஎஃப்சி, இரண்டுமே பல வருடங்களாகக் கெர்னலோடு வருகின்றன. ஆனால் டிரைவர் இருப்பது வேறு, அது உங்கள் கார்டை எடுத்துக்கொள்வது வேறு, ஒரு கேபிள் போனாலும் அப்ளிகேஷன் நிற்காமல் ஓடுவது முற்றிலும் வேறு. பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகின்றன.

டிரைவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டு வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் பிசிஐ அடையாள எண் உண்டு, டிரைவர் தன்னிடம் உள்ள பட்டியலில் அந்த எண் இருந்தால்தான் கார்டைத் தொடும். 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் மேலே சொன்ன இரண்டு டிரைவர்களும் இருந்தன, ஆனால் பழைய கார்டுகள் பலவற்றின் எண்களை அவற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் எஃப்சிஓஇ (ஈதர்நெட் வழியே ஃபைபர் சேனலைச் சாஃப்ட்வேரால் ஓட்டும் முறை) மொத்தமாகவே போய்விட்டது. 7இல் ஓடியதே, 8இல் ஓடாதா என்று நம்பி மேம்படுத்தியவருக்கு டிரைவர் மாட்யூல் லோடு ஆகியிருக்கும், கார்டு மட்டும் அனாதையாக நிற்கும். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தெரிவோடு ஓட்டினால் கார்டின் எண்ணும், இப்போது எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும். அந்த எண்ணை வெளியீட்டுக் குறிப்பின் நீக்கப்பட்டவை பட்டியலோடு ஒப்பிடுங்கள், அதுவும் மேம்படுத்துவதற்கு முன்னால்.

அடுத்தது ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர். சில கார்டுகளுக்கு டிரைவர்தான் ஃபர்ம்வேர் ஃபைலை டிஸ்கிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். டெபியனில் க்யூலாஜிக் ஃபர்ம்வேர் தனிப் பேக்கேஜ். 2023இல் வந்த டெபியன் 12 முதல்தான் சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்கள் வழக்கமான நிறுவல் இமேஜிலேயே சேர்ந்தன. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் இதே கதைதான், க்யூலாஜிக்கை ஓட்டுவது ஐஎஸ்பி டிரைவர், ஃபர்ம்வேர் இருப்பது ஐஎஸ்பிஎஃப்டபிள்யூ என்ற தனி மாட்யூலில். சானிலிருந்தே பூட் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல்: அந்த ஃபைல் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்ன ஃபைல் தொகுப்பு) உள்ளேயும் இருந்தாக வேண்டும், ரூட் டிஸ்க்கே அந்தக் கார்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது.

கார்டு கம்பெனி தரும் டிரைவர் புதுசு, அதனால் நல்லது என்று அவசரப்பட்டுப் போடுவதும் வேண்டாம். கெர்னல் அப்டேட் வந்ததும் அதற்கான மாட்யூல் உருவாகாமல் போகலாம், செக்யூர் பூட் இயங்கும் இடத்தில் கையொப்பம் இல்லாத மாட்யூல் லோடே ஆகாது. ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியல் அந்தப் பதிப்பைத்தான் கேட்கிறது என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் கெர்னலோடு வந்ததே போதும் என்பது என் கருத்து. போட்டால், அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்ப உருவாக்குங்கள். இல்லையென்றால் டிஸ்கில் புதிய டிரைவர் இருக்கும், பூட் ஆகும்போது பழையதுதான் ஏறும்.

சரி, டிஸ்க் தெரிந்துவிட்டது. உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

சர்வரில் இரண்டு போர்ட், அந்தப் பக்கம் இரண்டு கன்ட்ரோலர் என்றால் ஒரே லன் நான்கு டிஸ்க்காகத் தெரியலாம். அதில் ஒன்றைப் பிடித்து எஸ்டிபி என்ற பெயரிலேயே ஃபைல் சிஸ்டம் போட்டு மவுன்ட் செய்தால், மற்ற மூன்று பாதைகள் இருந்தும் பயனில்லை. அடுத்த பூட்டில் அந்தப் பெயர் வேறு லன்னுக்குப் போகவும் கூடும். இன்னும் மோசம், நான்கும் வேறு வேறு டிஸ்க் என்று நினைத்து இரண்டை எடுத்துத் தனித்தனியாகப் பயன்படுத்துவது. டேட்டா சிதைந்துவிடும். எல்லாப் பாதைகளையும் ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத் சாதனத்தின் மேல்தான் எல்வீஎம்மோ (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கையாளும் அடுக்கு) ஃபைல் சிஸ்டமோ வர வேண்டும், அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டியது லன்னுக்கே உரிய மாறாத எண்ணான டபிள்யூடபிள்யூஐடியை.

மல்டிபாத் போட்டவர்களும் டைம்அவுட்டைத் தொடுவதில்லை. ஃபைபர் சேனலுக்குப் பதில் சாதாரண நெட்வொர்க் வழியே டிஸ்க் தரும் முறை ஐஸ்கஸி. அதற்கான லினக்ஸ் சாஃப்ட்வேரான ஓப்பன் ஐஸ்கஸியில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 120 விநாடி. செஷன் போனால் அது திரும்ப வருமா என்று அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தவறு என்று மேலே சொல்லும். ஒரே பாதை இருக்கும்போது அந்தப் பொறுமை சரி. இன்னொரு பாதை தயாராக இருக்கும்போது இரண்டு நிமிடம் டேட்டாபேஸை உறைய வைப்பது எதற்கு? மல்டிபாத் இருந்தால் 5 விநாடி அளவுக்குக் குறையுங்கள். ஆனால் மல்டிபாத் இல்லாத சர்வரில் இதே குறைப்பைச் செய்தால் சின்ன நெட்வொர்க் தடங்கலுக்கே ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிவிடும், எனவே கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். இன்னொன்று, அமைப்பு ஃபைலில் மாற்றிய மதிப்பு இனிமேல் கண்டுபிடிக்கும் டார்கெட்டுகளுக்கு (ஸ்டோரேஜ் பக்க முனைகளுக்கு) மட்டுமே பொருந்தும். சர்வரில் ஏற்கெனவே பதிவான டார்கெட்டுகள், அதாவது நோடுகள், பழைய 120உடனேயே இருக்கும், ஐஎஸ்சிஎஸ்ஐஏடிஎம் கட்டளையால் அவற்றையும் புதுப்பித்து, லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

எல்லாப் பாதையும் போனால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நோ பாத் ரீட்ரை அமைப்பில் க்யூ என்று போட்டால் பாதை திரும்பும் வரை எழுதுவதெல்லாம் வரிசையில் காத்திருக்கும், ப்ராசஸைக் கொல்லக்கூட முடியாது, ஷட்டவுனும் தொங்கும். கிளஸ்டரில் இது வேலையை வேறு சர்வருக்கு மாற்றும் ஃபெயில்ஓவரையே தடுத்துவிடலாம். என்விஎம்இ டிசிபி (நெட்வொர்க் வழியே என்விஎம்இ டிஸ்க் தரும் முறை) பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. லினக்ஸ் 5.0இல் வந்த அந்த டிரைவருக்கு என்விஎம்இக்கென்று உள்ளேயே இருக்கும் மல்டிபாத் உண்டு, பழைய மல்டிபாத் அமைப்பு ஃபைலை அதற்குப் பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஐஸ்கஸியில் சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கடிப்பது ஒன்று: சர்வரை க்ளோன் செய்யும்போது இனிஷியேட்டர் பெயரும் (ஸ்டோரேஜிடம் சர்வர் தன்னை அடையாளம் காட்டும் பெயர்) சேர்ந்து நகலாகிவிடும். இரண்டு சர்வர்கள் ஒரே பெயரில் லாகின் செய்தால் ஒன்று வரும்போது மற்றது துண்டிக்கப்படும், பார்ப்பவருக்கு நெட்வொர்க் கோளாறு மாதிரியே இருக்கும்.

வேகம் அளந்துவிட்டு சோதனை முடிந்தது என்று சொல்லாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதையை அறுத்துப் பாருங்கள், அதுவும் சர்வர் பக்கக் கேபிளை மட்டும் பிடுங்கினால் போதாது. அங்கே லிங்க் போனது கார்டுக்கு உடனே தெரிந்துவிடும். ஐஸ்கஸியில் ஸ்விட்சுக்கு அப்பால் ஸ்டோரேஜ் பக்கம் போர்ட் போனால் சர்வரின் லிங்க் விளக்கு பச்சையாகவே எரியும், 5 விநாடிக்கு ஒருமுறை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் நோப் செய்திக்குப் பதில் வராமல் இன்னும் 5 விநாடி கழிந்த பிறகுதான் கோளாறே தெரியவரும், ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் எண்ணத் தொடங்குவதே அதற்குப் பின்னால்தான். ஸ்டோரேஜ் பக்கப் போர்ட்டை அணைத்து இந்த மொத்த நேரத்தை அளந்து, உங்கள் அப்ளிகேஷன் அவ்வளவு நேரம் தாங்குமா என்று பாருங்கள். போர்ட்டைத் திரும்ப இயக்கியதும் பாதை தானாக வந்து சேர்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.