உளவுச் செயற்கைக்கோள் படத்தில் சோவியத் துறைமுகம் பார்ப்பது எப்படி: செவெரோத்வின்ஸ்க் செய்முறை

'கொரோனா செயற்கைக்கோள் படம்' என்று தமிழில் தேடினால் வைரஸ் செய்திதான் வந்து விழுகிறது. நான் சொல்லும் கொரோனா வேறு. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா நடத்திய உளவுச் செயற்கைக்கோள் திட்டம் அது. படம் பிடித்த ஃபிலிம் சுருளை ஒரு கலத்தில் வைத்துக் கீழே தள்ளுவார்கள். பாராசூட்டில் இறங்கும் அந்தக் கலத்தை விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் போட்ட உத்தரவில் இந்தப் படங்கள் 8,60,000-க்கும் மேல் ரகசியப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. 2002-இல் ஒரு தொகுப்பும், 2011-க்குப் பிறகு இன்னொரு தொகுப்பும் சேர்ந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் இவற்றை எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆரம்பிக்கிறவர்கள் பலர் நேராக மூர்மான்ஸ்க்குக்குப் போகிறார்கள். பெயர் தெரிந்த ஊர் என்பதுதான் காரணம். ஆனால் அங்கே கோலா வளைகுடாவின் இருபுறமும் குன்றுகள், தளங்களோ திக்குக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். பழக ஏற்ற இடம் வெள்ளைக் கடலோரத்துச் செவெரோத்வின்ஸ்க். தட்டையான நிலம், நேர்கோட்டில் துறைமேடைகள், கண்ணில் படாமல் போகவே முடியாத பிரம்மாண்டக் கட்டடங்கள். 1957 வரை இதன் பெயர் மோலதோவ்ஸ்க். அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத்தின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி இங்கேதான் தண்ணீரில் இறங்கியது. 1960 மே 1 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட, அமெரிக்க விமானி பவர்ஸின் யூ-2 உளவு விமானம் போக வேண்டிய பாதையில் இந்த ஊரும் இருந்தது. நம் ஊர் ஆட்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: ஐஎன்எஸ் விக்ரமாதித்யா 2013 நவம்பரில் இந்தியக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது இதே செவ்மாஷ் கப்பல் கட்டும் தளத்தில்தான்.

படி 1: படத்தைத் தேடுவது

எர்த்எக்ஸ்ப்ளோரரில் இலவசக் கணக்கு தொடங்குவதை நான் விளக்கப் போவதில்லை, ஐந்து நிமிட வேலை அது. உள்ளே போனதும் ஊர்ப் பெயரைத் தட்டாமல் ஆயத்தொலைவு கொடுங்கள்: வடக்கு 64.58, கிழக்கு 39.80. ஒரே புள்ளியோடு நிறுத்தாமல் சுற்றி இருபது, முப்பது கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் வரையுங்கள். வரைபடத்தில் காட்டும் பட எல்லைகள் உத்தேசமானவை, சில கிலோமீட்டர் தள்ளிப் போவது சகஜம். ஊர் இருக்கும் என்று காட்டும் படத்தில் கடல் மட்டும் இருக்கும், அடுத்த படத்தில் ஊர் இருக்கும்.

தரவுத் தொகுப்பில் ரகசியம் நீக்கப்பட்ட படங்கள் மூன்று பிரிவாக இருக்கும். முதல் பிரிவுதான் கொரோனா. அதிலும் பயண எண் 1101 முதல் 1117 வரை உள்ளவற்றை எடுங்கள். இவை 1967 செப்டம்பரிலிருந்து 1972 மே வரை பறந்த கேஎச்-4பி கேமராக்கள். சுமார் 1.8 மீட்டர் அளவுள்ள பொருள்வரை பிரித்துக் காட்டும். 9000-இல் தொடங்கும் பழைய எண்களில் கப்பல் வெறும் கீறலாகத்தான் தெரியும், நேரம் வீண்.

மாதம் முக்கியம். இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு மேல் 2 பாகைதான் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாருங்கள். மேகத்தை எந்த வடிகட்டியும் சொல்லாது, முன்னோட்டப் படத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.

கூடுதல் நிபந்தனைகள் பகுதியில் 'பதிவிறக்கம் உண்டா' என்ற கேள்வி இருக்கிறது. அதில் 'ஆம்' போட்டால் ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை மட்டும் வரும். அவை இலவசம். ஸ்கேன் ஆகாத படத்துக்கு 30 டாலர் கேட்பார்கள். ஒருவர் கட்டிவிட்டால் அப்புறம் அது எல்லோருக்கும் இலவசம். முதல் தடவையே காசு கட்டாதீர்கள், இலவசப் படத்தில் கை பழகட்டும்.

படி 2: கோப்பின் பெயரைப் படிப்பது

பெயர் நீளமாக இருந்தாலும் சூத்திரம் எளிது. முதலில் தொகுப்பின் குறி, அடுத்து பயண எண், எந்தக் கலத்தில் வந்த ஃபிலிம் என்ற எண், எத்தனையாவது சுற்று, பறந்த திசை, கடைசியில் எந்தக் கேமரா, எத்தனையாவது படம். ஒரு கேமரா முன்பக்கமாகவும் இன்னொன்று பின்பக்கமாகவும் 15 பாகை சாய்ந்து ஒரே இடத்தைப் பிடிக்கும். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் இறக்கிவிடுங்கள். ஒன்றில் கிரேன் மறைத்த கப்பல் மற்றொன்றில் தெரியும்.

படி 3: துறைமுகம் எங்கே? (நின்று நிதானிக்க வேண்டிய படி)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். எந்த வழிகாட்டியிலும் இதை ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பார்கள்.

ஒரு கேஎச்-4பி படம் தரையில் சுமார் 14 கி.மீ. அகலமும் 188 கி.மீ. நீளமும் கொண்ட நாடா. ஃபிலிமில் அது 2.18 அங்குலத்துக்கு 29.8 அங்குலம். அங்குலத்துக்கு 3600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 80 கோடி பிக்சலுக்கு மேல் வரும். அதனால்தான் நான்கு துண்டாக வெட்டித் தருகிறார்கள். நான்கையும் ஒட்டிவிட்டுத் தேடலாம் என்று இறங்காதீர்கள், கணினி திணறும். முன்னோட்டப் படத்தில் ஊர் எந்தக் கால்பகுதியில் விழுகிறது என்று பார்த்து அந்தத் துண்டை மட்டும் திறங்கள்.

திறந்ததும் குழப்பம் தொடங்கும். வடக்கு மேலே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு கேமராக்களில் ஒன்றின் படம் தலைகீழாக வருவது சாதாரணம். போதாக்குறைக்கு இவ்வளவு வடக்கே செயற்கைக்கோளின் பாதை தீர்க்கரேகையோடு ஒட்டாமல் கணிசமாகச் சாய்ந்துவிடும். இப்படிச் செய்யுங்கள்:

முதலில் ஓரத்து எழுத்துகளையும் எண்களையும் பாருங்கள். அவை கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் படத்தைப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். அடுத்து நிழல். இந்த அட்சரேகையில் நண்பகல் வாக்கில் சூரியன் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும். உயரமான எதையாவது பிடித்து அதன் நிழல் போகும் திசையை மேலே திருப்புங்கள். துல்லியமான வடக்கு கிடைக்காது, ஆனால் தலைகீழ் பிரச்சினை தீரும். மூன்றாவது கடல். செவெரோத்வின்ஸ்க்குக்கு வடக்கே த்வினா விரிகுடா, தெற்கே சதுப்பும் காடும். கரும் நீர் மேலே, சாம்பல் நிலம் கீழே வந்துவிட்டால் சரி.

இப்போது நிக்கோல்ஸ்கோயே முகத்துவாரத்தைத் தேடுங்கள். வடத்வினா ஆற்றின் ஒரு கிளை அது. அதற்கு அப்பால் இருக்கும் தீவு யாக்ரி, அங்கேதான் பழுதுபார்க்கும் ஸ்வியோஸ்தோச்கா தளம். இந்தப் பக்கக் கரையில் செவ்மாஷ். அதன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பழைய நிக்கோலாய் மடாலயம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது இன்றைய படத்திலும் இருப்பதால் நல்ல அடையாளம்.

படி 4: வரைபடத்தில் பொருத்துவது

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். இலவசம், பெரிய டிஃப் கோப்புகளைத் தாங்கும். திறந்ததும் பிரமிடுகளை, அதாவது படத்தின் சிறிய அளவுப் பிரதிகளை, உருவாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை பெரிதாக்கும்போதும் காப்பி குடித்துவிட்டு வரலாம். சாதாரணப் பட மென்பொருள்களில் இதைத் திறக்க முயல வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் துறைமுகத்தைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டரை மட்டும் வெட்டி எடுங்கள். காரணம், இது அகலப் பார்வைக் கேமரா, பக்கவாட்டில் சுழன்று படம் பிடிப்பது. மையத்தில் ஒரு பிக்சல் சுமார் 1.7 மீட்டர். நாடாவின் முனைக்குப் போனால் ஒரு திசையில் 2 மீட்டரைத் தாண்டும், மறு திசையில் 2.5 மீட்டரையும் தாண்டும். முழுத் துண்டையும் ஒரே கணக்கில் பொருத்தினால் ரப்பர் மாதிரி இழுபடும். சிறிய பகுதியாக வெட்டிவிட்டால், படத்தை லேசாக வளைத்துப் பொருத்தும் இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கணக்கே சமாளிக்கும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக, அதாவது பழைய படத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒரே இடம் என்று குறிக்கும் புள்ளிகளாக, ரயில் பாதை வளைவு, பழைய நகரத்தின் தெருச் சந்திப்பு, பெரிய கூடங்களின் மூலைகள் ஆகியவற்றை எடுங்கள். மணற்கரையைத் தொடாதீர்கள், ஐம்பது ஆண்டில் அது இடம் மாறியிருக்கும்.

படி 5: முதலில் கட்டடம், அப்புறம்தான் கப்பல்

எல்லோரும் நேரே நீர்மூழ்கியைத் தேடி ஓடுவார்கள். வேண்டாம். அசையாதவற்றைக் குறித்து முடியுங்கள்: கட்டுமானக் கூடங்கள், கப்பலை இறக்கும் நீர்த்தொட்டி, துறைமேடைகள், மிதவைத் தளம் (கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் மிதக்கும் மேடை), கிரேன் பாதை. இந்த ஊரில் நீர்மூழ்கிகள் கூரைக்கு உள்ளேதான் உருவாகும், அரைகுறை உடலை வெளியே பார்க்கவே முடியாது. வெளியே தெரிவது இறக்கிவிட்டுக் கடைசி வேலை நடக்கும் கட்டம் மட்டுமே. அந்தக் காலத்து அமெரிக்கப் பட ஆய்வாளர்களும் துறைமேடையில் நிற்பவற்றை எண்ணித்தான் கூடத்துக்குள் நடப்பதை ஊகித்தார்கள்.

கோடைப் படத்தில் பழகிய பிறகு ஏப்ரல், மே மாதப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கடல் அப்போதும் உறைந்திருக்கும். பனிக்கட்டியை உடைத்துப் போட்ட கரும் தடங்கள் எந்தத் துறைமேடைக்குப் போகின்றனவோ அதுதான் உபயோகத்தில் இருக்கிறது. கூரையில் பனி உருகியிருந்தால் உள்ளே சூடேற்றி வேலை நடக்கிறது. கோடைப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதைச் சொல்லாது. எனக்கு இந்த மங்கலான வசந்தகாலப் படங்களே அதிகம் பிடிக்கும்.

படி 6: கப்பலை அளப்பது

இன்றும் நிற்கும் ஒரு கூடத்தின் நீளத்தைக் கூகுள் எர்த்தில் அளந்து, அதையே உங்கள் அளவுகோலாக வையுங்கள். கப்பல் நிற்கும் அதே திசையில் நீளும் கூடமாக இருக்க வேண்டும். மேலே சொன்னபடி இரு திசையிலும் அளவு வேறு.

ஒப்பிட சில எண்கள்: ஸ்வெர்த்லோவ் வகைக் குரூசர் (பெரிய போர்க்கப்பல்) 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். நேட்டோ யாங்கி என்றழைத்த 667ஏ வகை நீர்மூழ்கி சுமார் 128 மீட்டர், அகலம் 11.7. அதை அடுத்து வந்த டெல்டா சுமார் 139 மீட்டர். கொரோனா படத்தின் மையத்தில் யாங்கி 74 பிக்சல், டெல்டா 80 பிக்சல். வித்தியாசம் வெறும் ஆறு பிக்சல்! ஓரம் மங்கினாலே அது போய்விடும். ஆகவே இரண்டையும் பிரிப்பது கொரோனாவில் ஆகாத காரியம். அதற்கு மூன்றாம் தொகுப்பில் உள்ள, கொரோனாவுக்கு அடுத்து வந்த ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோளின் படங்கள் வேண்டும், அவை ஒரு மீட்டருக்குக் கீழே போகும். 1980 செப்டம்பரில் இறங்கிய டைஃபூன் என்ற ராட்சத நீர்மூழ்கியும் அங்கேதான் கிடைக்கும், கொரோனா 1972-இலேயே முடிந்துவிட்டது.

குரூசரா நீர்மூழ்கியா என்பதற்கு அளவே தேவையில்லை, நிழல் போதும். செப்டம்பர் கடைசியில் நண்பகல் நிழல் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். குரூசரின் உயரமான கம்பமும் புகைபோக்கியும் தண்ணீரில் பல் பல்லாக விழும். நீர்மூழ்கிக்கு நடுக்கோபுரத்தின் சின்ன நிழல் மட்டும்தான்.

முடிவெடுத்த பிறகு சிஐஏ-வின் இணைய வாசிப்பறையில் ஒப்பிட்டுப் பாருங்கள். 2017 ஜனவரியிலிருந்து அதன் பழைய ஆவணங்கள் பெருமளவில் அங்கே இருக்கின்றன, தேசியப் பட விளக்க மையத்தின் அறிக்கைகளும் உண்டு. ரோமன் எழுத்தில் ஊர்ப் பெயரோடு 'மோலதோவ்ஸ்க்', 'கப்பல் தளம் 402' என்றும் தேடுங்கள். முன்கூட்டியே படித்துவிட்டால் அறிக்கை சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியும், படம் தெரியாது.

சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒருவர், துறைமுகம் கிடைத்தது ஆனால் யாக்ரி தீவைக் காணவில்லை என்று எழுதியிருந்தார். அவர் பார்த்தது ஆர்க்கங்கேல்ஸ்க், 35 கிலோமீட்டர் கிழக்கே. அங்கும் ஆற்றுக் கிளைகள் உண்டு, குழம்புவது இயல்பு. மரக்கட்டைகள் மிதந்து குவிந்திருந்தால் அது ஆர்க்கங்கேல்ஸ்க் என்று சந்தேகப்படுங்கள்.

சேர்க்கை 2: செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைக் கூர்மையாக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். கூடாது. அது இல்லாத ஏவுகணை மூடிகளை அழகாக வரைந்து கொடுக்கும். க்யூஜிஐஎஸ்ஸில் கருப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேர்க்கை 3: யாங்கியை அளந்தால் 128 வராமல் எப்போதும் குறைவாகவே வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அளவுகோலில் தவறில்லை. மேற்பரப்பில் மிதக்கும் நீர்மூழ்கியின் பின்பகுதி சரிந்து தண்ணீருக்குள் இருக்கும், படத்தில் தெரிவது தண்ணீருக்கு மேலே இருக்கும் பகுதி மட்டுமே. மிதவைத் தளத்தில் ஏற்றி வைத்த நீர்மூழ்கி கிடைத்தால் முழு நீளமும் அளக்கலாம். இல்லையென்றால் அதே படத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நீர்மூழ்கியோடு ஒப்பிட்டு, ஒன்றா வேறா என்று மட்டும் சொல்லுங்கள்.